காத்து உள்ள போனா காந்தம் காணாமப் போகும்: வாயுவை உணரும் மாஃப்கள்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியிருக்கிறோம்.)

 

இன்னைக்கு ஒரு அரிக்கேன் விளக்குல ஆரம்பிக்கிறேன். எங்க தாத்தா ஊர்ல கிணத்துல தூர் வாரணும்னா முதல்ல ஆள் இறங்க மாட்டாங்க, விளக்குதான் இறங்கும். அரிக்கேனை ஏத்தி, கயித்துல கட்டி, மெதுவா கீழ விடுவாங்க. விளக்கு எரிஞ்சுக்கிட்டே அடி வரைக்கும் போச்சுன்னா ஆள் இறங்கலாம். பாதியில அணைஞ்சா அன்னைக்கு வேலை இல்ல. சின்ன வயசுல இது ஏதோ சாமி சடங்குன்னு நினைச்சிருந்தேன். அப்புறம்தான் புரிஞ்சுது, அது ஒரு சென்சார். மூச்சு விடுற காத்துல ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். அது 16, 17 சதவீதத்துக்கு வந்தா சுடர் அணைஞ்சிடும். அந்த அளவுல மனுஷன் தடுமாறுவானே தவிர, உடனே சாக மாட்டான். அதாவது விளக்கு நமக்கு முன்னாடி சாகுது. நல்ல ஏற்பாடு.

ஆனா இதே விளக்கை ஒரு பாதாளச் சாக்கடைக்குள்ள இறக்குனா? அங்க இருக்கிற பிரச்சினை ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகுன முட்டை நாத்தம்னு ஸ்கூல்ல படிச்சோமே, அதேதான். காத்து புகாத சகதியில பாக்டீரியா அதை உண்டாக்கிக்கிட்டே இருக்கும். சகதியைக் கிளறினா அடைஞ்சு கிடந்த வாயு மொத்தமா வெளிய வரும். பத்து லட்சத்துல ஐந்நூறு பங்கைத் தாண்டினா சில மூச்சுலயே ஆள் சுருண்டு விழலாம். ஐந்நூறு பிபிஎம்னா வெறும் 0.05 சதவீதம். ஆக்சிஜன் அளவு கிட்டத்தட்ட மாறவே இல்ல, அதனால விளக்கு பாட்டுக்கு எரியும். பார்க்குறவங்க "எல்லாம் சரியா இருக்கு"ன்னு நினைப்பாங்க.

மூக்கு இருக்கேன்னு கேட்பீங்க. கொடுமையே அங்கதான். ரொம்பக் கம்மியா இருக்கும்போது, ஒரு பிபிஎம்ல நூத்துல ஒரு பங்கு இருந்தாக்கூட, நம்ம மூக்கு இந்த வாயுவைக் கண்டுபிடிச்சிடும். நூறு பிபிஎம் பக்கம் போனதும் மோப்ப நரம்பு மரத்துப் போகுது. நாத்தம் நின்னுடும். உள்ள இருக்கிறவர், "அப்பாடா, நாத்தம் போயிருச்சு"ன்னு நினைக்கிற நேரம்தான் உண்மையில ஆபத்தான நேரம்.

சரி, அப்ப வாயுவை உணர நமக்கு வேற ஏதாவது பொருள் வேணும். இன்னைக்குப் பேசப்போறது அப்படி ஒரு பொருளைப் பத்தி. அது கல்லு மாதிரி கெட்டி, ஆனா உள்ள பூரா ஓட்டை. அதுக்குள்ள ஒரு வாயு நுழைஞ்சா அதோட மின் தடை மாறும். சிலதுல காந்தத்தன்மையே மாறும்.

அதுக்கு முன்னாடி, இப்ப நம்ம கையில இருக்கிறது என்னன்னு பார்த்திடலாம். எஞ்சினியரிங் படிச்சவங்க, ஆர்டுயினோ வச்சு விளையாடினவங்க எல்லாருக்கும் எம்க்யூ-2 தெரியும். உருண்டையா, மேல கம்பி வலை போட்ட சென்சார். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல "கேஸ் லீக் டிடெக்டர்"னு பாதி கிளாஸ் அதைத்தான் வச்சிருக்கும் [சிரிப்பு]. அதோட மூதாதையை 1962-ல ஜப்பான்ல நவோயோஷி தகுச்சி உருவாக்கினார். வீடுகள்ல சிலிண்டர் கேஸ் கசிஞ்சு வெடிக்கிறதைத் தடுக்கணும்கிறதுதான் நோக்கம். உள்ள இருக்கிறது டின் ஆக்சைடு. அதை 200, 300 டிகிரிக்குச் சூடாக்கி வச்சா, காத்துல இருக்கிற ஆக்சிஜன் அதோட துகள்கள் மேல உக்காந்து எலக்ட்ரானைப் பிடிச்சு வச்சுக்கும். மின்சாரம் ஓட ஆள் இல்ல, தடை அதிகம். எரியுற வாயு ஏதாவது வந்தா அந்த ஆக்சிஜனோட சேர்ந்து எரிஞ்சு போகுது, எலக்ட்ரான்கள் விடுதலை, தடை இறங்குது. அலாரம்.

எளிமையானது, மலிவு, அறுபது வருஷமா உயிர்களைக் காப்பாத்துது. நான் அதைக் குறை சொல்ல வரல. ஆனா ரெண்டு சங்கடம். ஒண்ணு, எந்நேரமும் சூடா இருக்கணும். எம்க்யூ-2-வைத் தொட்டுப் பார்த்தவங்களுக்குத் தெரியும், அதோட ஹீட்டர் மட்டும் முக்கால் வாட்டுக்கு மேல சாப்பிடும். சட்டையில தைக்குற சமாச்சாரம் இல்ல அது. ரெண்டாவது, யார் வந்தாங்கன்னு சொல்லத் தெரியாது. எல்பிஜியா, சாராயமா, புகையா, சானிடைசரா, எல்லாத்துக்கும் ஒரே கத்தல்.

இப்ப நம்ம கதாநாயகனுக்கு வரலாம். 2025 வேதியியல் நோபல் பரிசு மூணு பேருக்குப் போச்சு: ஜப்பானோட சுசுமு கிடகாவா, ஆஸ்திரேலியாவுல ரிச்சர்ட் ராப்சன், அமெரிக்காவுல ஓமர் யாகி. உலோக-கரிமக் கட்டமைப்புகளை உருவாக்குனதுக்காக. சுருக்கமா மாஃப்.

மாஃப் எப்படி இருக்கும்னு கற்பனை பண்ண, புதுசா கட்டுற பில்டிங்கைப் பாருங்க. சவுக்குக் கம்பு வச்சு சாரம் கட்டியிருப்பாங்க இல்லையா? கம்புகள் சேர்ற இடத்துல கயித்து முடிச்சு. மாஃப்ல அந்த முடிச்சு ஒரு உலோக அயனி, கம்பு ஒரு கரிம மூலக்கூறு. முடிச்சு, கம்பு, முடிச்சு, கம்புன்னு மூணு பக்கமும் கோடிக்கணக்குல நீண்டுக்கிட்டே போகும். நடுவுல எல்லாம் காலி அறை. யாகி 1999-ல வெளியிட்ட மாஃப்-5 இதுல ரொம்பப் பிரபலம். அதை ரெண்டு மூணு கிராம் எடுத்து, உள்ள இருக்கிற சுவரையெல்லாம் விரிச்சா ஒரு கால்பந்து மைதானம் வரும்.

ராப்சன் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1974-ல மெல்போர்ன்ல பாடம் நடத்த மர உருண்டையும் குச்சியும் வச்சு மூலக்கூறு மாடல் செய்யச் சொன்னாங்க. உருண்டையில எங்கெங்க துளை போடணும்னு அவர் பட்டறைக்குக் குறிச்சுக் கொடுத்தார். துளையை சரியான இடத்துல போட்டுட்டா, குச்சி சொருகினதும் மாடல் தானா சரியான வடிவத்துக்கு வந்துடுது. "அப்ப அணுவுலயும் இதே செய்யலாமே"ன்னு தோணுச்சு. அதை நிஜமா செஞ்சு வெளியிட்டது 1989-ல. பதினஞ்சு வருஷம்! நம்ம மேனேஜர்கிட்ட சொன்னா விடுவாரா?

சரி, இவ்வளவு ஓட்டை இருக்கு, வாயு உள்ள போகும். அப்ப உடனே சென்சார் ரெடியா? இல்ல. பெரும்பாலான மாஃப்ல மின்சாரம் போகாது. ரப்பர் செருப்பு மாதிரிதான். முடிச்சும் கம்பும் சேர்ற இடத்துல எலக்ட்ரான் தாண்டிப் போக வழி இல்ல. ஒவ்வொண்ணும் அதது இடத்துலயே உக்காந்திருக்கும். உள்ள விருந்தாளி வந்தது உண்மை, ஆனா வெளிய இருக்கிற நமக்குத் தகவல் சொல்ல ஒயர் இல்ல.

2010-ஐ ஒட்டின வருஷங்கள்ல இது மாற ஆரம்பிச்சுது. 2012-ல யாகி குழுவும், 2014-ல எம்ஐடியில மிர்ச்சா டின்கா குழுவும் வேற மாதிரி கம்புகளை எடுத்தாங்க. மூணு கை நீட்டின, தட்டையான மூலக்கூறு. அது நிக்கல், செம்பு மாதிரி உலோகங்களோட சேரும்போது தேன்கூடு போல அறுகோண அறுகோணமா ஒரு தாள் உருவாகுது. தாள் மேல தாள் அடுக்கினா கிட்டத்தட்ட பென்சில் கிராஃபைட் மாதிரி. வித்தியாசம், தேன்கூட்டு ஓட்டைகள் ஒண்ணுக்கு மேல ஒண்ணு சேர்ந்து நீளமான குழாய்களா நிக்கும். ஒவ்வொரு குழாயும் சுமார் ரெண்டு நானோமீட்டர் அகலம். இந்த அமைப்புல எலக்ட்ரான் உலோகத்துக்கும் கரிமத்துக்கும் நடுவுல சரளமா நடமாடுது. மின்சாரம் ஓடுது! செம்புக் கம்பி அளவுக்கு இல்லவே இல்ல, ஆனா அளக்கப் போதும். ஓட்டையும் இருக்கு, கரண்ட்டும் இருக்கு. அதுவும் அறை வெப்பநிலையில, ஹீட்டர் இல்லாம.

அடுத்து நடந்ததுதான் எனக்கு சுவாரசியம். 2015-ல டின்காவும் டிம் ஸ்வேகரும் சேர்ந்த குழு, செம்பு போட்ட தேன்கூட்டு மாஃப் மேல அம்மோனியாவை விட்டுப் பார்த்தாங்க. ஒரு பிபிஎம்முக்கும் கீழ இருந்த அம்மோனியாவை அது உணர்ந்துச்சு. வாயுவை நிறுத்தினா பழைய நிலைக்குத் திரும்புது. அப்புறம் அதே கம்பு, அதே தேன்கூடு, அதே ஓட்டை, செம்புக்குப் பதிலா நிக்கல் மட்டும் மாத்திப் போட்டாங்க. அதே சோதனை. ஒண்ணுமே நடக்கல. அம்மோனியா வந்ததே தெரியாத மாதிரி இருந்துச்சு.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. டின் ஆக்சைடுல நாம என்ன கிடைச்சுதோ அதை வச்சு சமாளிச்சோம். இங்க முடிச்சை மாத்தினா மோப்பம் மாறுது. கம்பை மாத்தினா ஓட்டையோட அளவு மாறுது. எந்த வாயுவுக்குக் காது கொடுக்கணும், எதுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு வரைபடம் போட்டே செய்யலாம்கிற நம்பிக்கை அப்பதான் வந்துச்சு. ஒரே குடும்பத்து மாஃப்களை வரிசையா வச்சு, ஒவ்வொண்ணும் எப்படி எதிர்வினை காட்டுதுன்னு சேர்த்துப் பார்த்து, வந்தது எந்த வகை ஆவின்னு பிரிச்சும் காட்டினாங்க. நம்ம மூக்கும் இப்படித்தான் வேலை செய்யுது. ஒவ்வொரு வாசனைக்கும் தனி ஏற்பி கிடையாது, பல ஏற்பிகளோட கூட்டுக் கணக்குதான் மல்லியா, சாம்பிராணியான்னு முடிவு பண்ணுது.

அம்மோனியான்னதும் சென்னைக்காரங்களுக்கு ஞாபகம் வரும். 2023 டிசம்பர் 26 ராத்திரி, எண்ணூர்ல கடலுக்கடியில போற குழாய்ல இருந்து அம்மோனியா கசிஞ்சுது. பெரியகுப்பம் பக்கத்து மக்கள் நடுராத்திரியில மூச்சுத் திணறி எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க. அவங்களுக்கு அலாரமா இருந்தது அவங்க மூக்கும் தொண்டையும்தான். வீட்டு வாசல்ல பேட்டரியில ஓடுற ஒரு சின்ன பெட்டி இருந்திருந்தா எத்தனை நிமிஷம் முன்னாடி எழுந்திருப்பாங்கன்னு அந்தப் பேப்பரைப் படிக்கும்போது யோசிச்சுக்கிட்டே இருந்தேன்.

அமெரிக்காவுல டார்ட்மவுத் கல்லூரியில கேத்ரின் மிரிக்கா குழு இன்னொரு வேலை செஞ்சுது. 2017-ல துணி மேலயே மாஃப் வளர்த்தாங்க. பருத்தித் துணியை எடுத்து, மாஃபோட மூலப்பொருள் கரைச்ச தண்ணியில போட்டா, நூல் மேலயே படிகமா அது வளருது. துணி கறுப்பாகுது, மின்சாரம் கடத்துது, மடக்கலாம், அலசலாம். அந்தத் துணி ஹைட்ரஜன் சல்ஃபைடையும் நைட்ரிக் ஆக்சைடையும் ஒரு பிபிஎம்முக்குக் கீழயே கண்டுபிடிச்சுது. கண்டுபிடிக்கிறதோட நிக்காம அந்த வாயுவைக் கொஞ்சம் பிடிச்சும் வைக்குது. ஒரே துணி சென்சாரும் ஆச்சு, வடிகட்டியும் ஆச்சு.

இனி காந்தம். இதுக்காகத்தான் இந்த எபிசோடே எடுத்தேன், உண்மையைச் சொன்னா.

முதல்ல ஒரு விஷயம். நாம மூச்சு விடுற ஆக்சிஜனே காந்தத்துக்கு ஈர்க்கப்படும். ஜோக் இல்ல. ஆக்சிஜன் மூலக்கூறுல ஜோடி சேராத ரெண்டு எலக்ட்ரான் இருக்கு, ஒவ்வொண்ணும் ஒரு குட்டிக் காந்தம். திரவ ஆக்சிஜனை ஒரு பலமான காந்தத்தோட ரெண்டு முனைக்கு நடுவுல ஊத்தினா கீழ விழாம அங்கயே தொங்கி நிக்கும். வீடியோ தேடிப் பாருங்க, நீல நிறத்துல அழகா இருக்கும். நைட்ரஜனுக்கு இந்தக் குணம் கிடையாது. 1940-ல லைனஸ் பாலிங் இதை வச்சே ஆக்சிஜன் மீட்டர் செஞ்சார், நீர்மூழ்கிக் கப்பலுக்காக. போருக்கு அப்புறம் அதே மீட்டர் குறைமாசக் குழந்தைகளை வைக்கிற இன்குபேட்டருக்குப் போச்சு. ஆபரேஷன் தியேட்டர்ல இன்னைக்கும் இதே தத்துவத்துல ஆக்சிஜன் அளக்குற கருவிகள் இருக்கு.

பாலிங் வாயுவோட காந்தத்தை அளந்தார். ஜப்பான்ல செண்டாய் நகரத்துல தொஹோகு பல்கலைக்கழகத்துல ஹிதோஷி மியாசகா குழு கேட்ட கேள்வி வேற: வாயு உள்ள வந்தா காந்தமே மாறுற மாதிரி ஒரு மாஃப் செய்ய முடியுமா?

செஞ்சாங்க. முடிச்சுல ருதேனியம் அணு ரெண்டு ரெண்டா. நடுவுல எலக்ட்ரானை வாங்கிக்கிற ஒரு கரிம மூலக்கூறு. ருதேனியம் ஒரு எலக்ட்ரானைக் கொடுக்குது, நடுவுல இருக்கிறது வாங்கிக்குது. வாங்கினதும் அதுவும் ஒரு குட்டிக் காந்தம் ஆகிடுது. ஸ்கூல்ல பசங்க கை கோத்து வட்டமா நிப்பாங்களே, அந்த மாதிரி ருதேனியம் காந்தங்களுக்கு நடுவுல இது கை கோக்குது. அதனால மொத்தப் படிகமும் ஒரே காந்தமா நடந்துக்குது.

இப்ப கார்பன் டை ஆக்சைடை உள்ள விடுறாங்க. அது படிகத்தோட ஓட்டையில போய் உக்காருது. கட்டமைப்பு லேசா வளைஞ்சு கொடுக்குது. அவ்வளவுதான், கொடுத்த எலக்ட்ரான் ருதேனியத்துக்கே திரும்பிப் போயிடுது. நடுவுல கை கோத்திருந்த பையன் கையை விட்டுட்டான். ஒழுங்கு கலையுது, காந்தம் போச்சு. வாயுவை உறிஞ்சி வெளிய எடுத்தா எலக்ட்ரான் மறுபடி நகருது, காந்தம் மறுபடி வருது. கூடவே மின் கடத்துத்திறனும் மாறுது. இது நேச்சர் கெமிஸ்ட்ரி இதழ்ல 2021-ல வந்துச்சு.

எனக்கு இதுல பிரமிப்பு எங்கன்னா, கார்பன் டை ஆக்சைடு எலக்ட்ரானைக் கொடுக்கவும் இல்ல, வாங்கவும் இல்ல. வந்து சும்மா உக்காந்துச்சு. கல்யாண வீட்டுல ஒரு பெரியவர் வந்து ஓரமா நாற்காலியில உக்கார்ந்ததும் மொத்தக் கூட்டமும் வேற மாதிரி நடந்துக்குமே, அப்படி.

அதுக்கும் முன்னாடி, 2018-ல, இதே குழு ஆக்சிஜனை வச்சு ஒண்ணு காட்டியிருந்தாங்க. நைட்ரஜனும் ஆக்சிஜனும் அளவுல கிட்டத்தட்ட ஒண்ணு, ஓட்டைய வச்சுப் பிரிக்கிறது கஷ்டம். ஆனா அவங்க காந்த மாஃபுக்குள்ள நைட்ரஜன் போனா காந்தம் காந்தமாவே இருந்துச்சு. ஆக்சிஜன் போனா அதோட குட்டிக் காந்தங்கள் நடுவுல புகுந்து, அடுக்குகளை ஒண்ணுக்கொண்ணு எதிரா திருப்பி விட்டுடுச்சு. வெளிய பார்த்தா காந்தம் காணோம். ஆக்சிஜனை அதோட காந்தத்தை வச்சே அடையாளம் கண்டுச்சு அந்தப் படிகம்.

உடனே "எங்க வாங்கலாம்"னு கேட்காதீங்க. இந்தக் காந்த வேலையெல்லாம் கடுங்குளிர்ல நடக்குது. அறை வெப்பநிலையில அது காந்தமே இல்ல. ருதேனியம் விலை உயர்ந்த உலோகம் வேற. மின்சார வகை மாஃப்களுக்கும் சிக்கல் இருக்கு. தண்ணீரும் ஒரு மூலக்கூறுதான், ஓட்டைக்குள்ள அதுவும் நுழையும். பாஸ்டன்ல ஏசி லேப்ல அளந்தது ஒண்ணு, அக்டோபர் மாசம் ராயபுரத்துல இருக்கிற ஈரம் ஒண்ணு. மிரிக்கா குழு ஈரமான காத்துலயும் சோதிச்சாங்க, ஆனா அது நம்ம ஊர் ஈரத்துல கால்வாசிதான். அதோட ஹைட்ரஜன் சல்ஃபைடு மாதிரி வாயுக்கள் உலோகத்தைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டா, சென்சார் பழைய நிலைக்கு வராது. ரெண்டாவது தடவை நம்ப முடியாத சென்சார் எதுக்கு?

இதோட இன்னொண்ணும் சொல்லணும், இல்லன்னா ஏமாத்துன மாதிரி ஆகிடும். ஆரம்பத்துல பாதாளச் சாக்கடையைப் பத்திப் பேசினேன். அங்க சாவு நடக்குறது சென்சார் இல்லாததால இல்ல. ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, எரியுற வாயு, நாலையும் அளக்குற கையடக்கக் கருவி பல வருஷமா விக்குது. சில பத்தாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். எண்ணெய் ஆலையில வேலை செய்யுறவங்க சட்டைப் பையில அது இருக்கு. 2013-லயே மனுஷனை பாதுகாப்பு இல்லாம இறக்கக் கூடாதுன்னு சட்டம் வந்தாச்சு. இறந்தா குடும்பத்துக்குப் பத்து லட்சம்னு 2014-ல சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-ல அதை முப்பது லட்சமா உயர்த்துச்சு. உயர்த்த வேண்டி வந்துச்சுன்னா என்ன அர்த்தம்னு நீங்களே பார்த்துக்கோங்க. யார் உயிருக்கு நாலு வாயு மீட்டர் வாங்குறோம், யாருக்கு வாங்கலைங்கிறது வேதியியல் கேள்வி இல்ல.

அதனால மாஃப் வேண்டாம்னு சொல்லல. மீட்டர் ஆளோட இறங்கணும், சார்ஜ் போடணும், அளவீடு சரிபார்க்கணும். துணியில வளர்ற சென்சார் மேன்ஹோல் மூடியோட அடிப்பக்கத்துலயே இருக்கலாம், மூடியைத் திறக்குறதுக்கு முன்னாடியே சொல்லலாம். வந்தா நல்லா இருக்கும்.

ஒரு கேள்வியோட முடிக்கிறேன். எபிசோடு தலைப்பை இன்ஸ்டால போட்டதும் மதுரையில இருந்து ஒரு தோழி கேட்டிருந்தாங்க: "எங்க அபார்ட்மென்ட்ல செப்டிக் டேங்க் கிளீன் பண்ண வர்ற அண்ணங்க தீக்குச்சி கொளுத்திப் போட்டுப் பார்க்குறாங்க. அது போதுமா?"

போதாது தோழி. நான் மேல சொன்ன அதே காரணம், ஹைட்ரஜன் சல்ஃபைடு தீக்குச்சியைத் தொடாது. அதுல மீத்தேன் வேற இருந்தா தீக்குச்சியே வெடிய வச்சிடும். டேங்கருக்குள்ள உறிஞ்சுற லாரி வந்தா ஆள் இறங்கவே தேவையில்ல. உங்க அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்ல அடுத்த தடவை லாரிக்கான காசைப் பிரிச்சுப் போடச் சொல்லுங்க. ஒரு வீட்டுக்கு எவ்வளவு வந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க, அடுத்த எபிசோடுல படிக்கிறேன்.